மூன்றாம் நம்பர் ட்ரெயிலருக்கு இரண்டு வைப்பர்

"ஏம்மா, இந்த ட்ரெயிலர் என்னா, டயர் திங்குதா?" என்று முதலாளி கேட்ட அன்று என் வேலை போகப் பார்த்தது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமார் படித்துச் சிரிக்கலாம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிலிமத்தலாவையில் எங்கள் யாட், லொறிகள் நிறுத்தும் இடம். ஒன்பது லொறி, மூன்று ட்ரெயிலர். எந்த வண்டிக்கு என்ன ரிப்பேர், எவ்வளவு செலவு என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஆறு மாதம் தற்காலிகம், சரிவந்தால் நிரந்தரம். அதற்கு முன் கண்டி டவுனில் புடவைக்கடையில் பில் போட்டவள் நான். வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கேட்டால் மானம் போகும் என்று கேட்கவும் இல்லை.

நான் சேர்ந்த மாதமே முதலாளி ஒரு திட்டம் போட்டார். மாதக் கடைசியில் எந்த வண்டிக்குச் செலவு ஆகக் குறைவோ, அதன் டிரைவருக்குப் பத்தாயிரம் ரூபாய். அடேயப்பா, ஒரே வாரத்தில் லொறிகள் எல்லாம் குணமாகிவிட்டன! பில் கொண்டுவந்த டிரைவர்மார் அத்தனை பேரும் அன்பாக, "மிஸ், இது மூணாம் நம்பர் ட்ரெயிலருக்கு" என்றார்கள். நானும் ஏற்றினேன். பன்னிரண்டு டயர், ரேடியேட்டர், ஹோர்ன், சீட் கவர், இரண்டு வைப்பர். ட்ரெயிலர் என்பது லொறி இழுத்துப்போகும் வெறும் பெட்டி, அதற்கு எஞ்சினும் இல்லை கண்ணாடியும் இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? பெரிய லொறிக்கு அது ஸ்டைலான பெயர் என்று நினைத்திருந்தேன். ஒன்பது லொறிக்கும் செலவு பூச்சியம் என்பதால், டிரைவர்மார் சீட்டுக் குலுக்கி மாதம் ஒருவராகப் பத்தாயிரத்தை வாங்கினார்கள்.

ஐந்தாம் மாதம்தான் முதலாளி டயர் கணக்கைப் பார்த்துவிட்டு அப்படிக் கேட்டார். கேட்ட கையோடு என்னை யாட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். அவரே அந்தப் பக்கம் போய் இரண்டு வருஷமாம். மூன்றாம் நம்பர் நாலு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு சில்லுகூட இல்லை. மேலே சௌசௌ கொடி. உள்ளே எங்கள் மெக்கானிக் வளர்க்கும் கோழிகள்.

முதலாளி கோழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வைப்பர் எதுக்கும்மா? மழையில கோழிக்குக் கண்ணு தெரியலியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ட்ரெயிலர் என்றால் என்னவென்று தெரியாது, கேட்க வெட்கமாக இருந்தது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"உன்னய வேலையிலருந்து நிப்பாட்டினா நாளைக்கு வர்றவளும் இதையேதான் எழுதுவா. இதுக்குன்னு ஒரு ஆள் இல்ல, அதான் எல்லாப் பயலும் இது தலையில கட்டுறான். இன்னையிலருந்து இதுக்கு டிரைவர் நீதான். ஒரு பில் வந்தாலும் உன் சம்பளத்துல புடிப்பேன்."

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நான் டிரைவர்! அதற்குப் பிறகு மூன்றாம் நம்பர் என்று வாயைத் திறந்தவனை கேட் வரை துரத்தினேன். பில்லைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கே போய், பழைய சாமானைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். லொறிகள் பழையபடி நோயில் விழுந்தன.

ஆறாம் மாதக் கடைசியில் செலவு ஷீட்டை நீட்டினேன். ஆகக் குறைந்த செலவு மூன்றாம் நம்பர், பூச்சியம். டிரைவர் பெயர், என் பெயர். முதலாளி இரண்டு தரம் படித்தார். பத்தாயிரத்தை எண்ணித் தந்தார், திட்டத்தை அன்றோடு நிறுத்தினார், நிரந்தரக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார்.

ஆகவே தங்கச்சிமாரே, ஷீட்டில் உள்ள ஒவ்வொரு வண்டிக்கும் சண்டை பிடிக்க ஒரு ஆளைப் போடுங்கள். தெரியாததை முதல் நாளே கேளுங்கள். நாலு பேர் சிரிப்பார்கள், மத்தியானச் சோற்றோடு முடிந்துவிடும். நான் கேட்கவில்லை, ஐந்து மாதம் கோழிகளுக்கு டயர் வாங்கிக் கொடுத்தேன்.