வேருக்கு முன்னால் வந்த துளிர்

வெளியே சொல்லிக்கொள்ள என் வேலை நன்றாகத்தான் இருக்கிறது. மரங்களைக் காப்பாற்றுகிறவன். வந்து பார்த்தால்தான் லட்சணம் தெரியும். சாலையை அகலமாக்கும் இடத்தில் நிற்கிற மரத்தைக் கிளை கிளையாக அறுத்து, சுற்றிலும் பொக்லைன் விட்டு வேரைப் பிய்த்து, கிரேனில் தொங்கவிட்டு வேறெங்கோ கொண்டுபோய் நடுவோம். கறிக்கடைக்காரர்கூட இதைவிட நிதானமாக வெட்டுவார்.

வேலப்பன்சாவடி பக்கம் ஒரு வேம்பு. அதன் அடியில் பூந்தமல்லி பாய் ஒருவர் மிஷின் போட்டு பைக் சீட் தைத்துக்கொண்டிருந்தார். கடை போட்ட புதிதில் நிழலுக்காக அவரே நட்டது. நாங்கள் ரம்பத்தை ஓட்டியதும் பாய்ந்து வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“இன்னா அண்ணாத்தே, உசுரோட கீறத இப்டி அறுக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தள்ளிவிட்டேன். தையல் மிஷின்மேல் போய் விழுந்தார், முழங்கை கிழிந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொக்லைனின் பல் ஆணிவேரில் மாட்டியபோது மரம் உச்சிவரை ஒரு உதறு உதறியது. போகிற வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி வீடியோ எடுத்தார்கள்.

நூம்பலில் ஒரு காலி இடத்தில் நடுவதாக ஏற்பாடு. லாரிக்குப் பின்னாலேயே பாயும் பைக்கில் வந்துவிட்டார், முழங்கையில் ஒரு ரெக்சின் துண்டைக் கட்டிக்கொண்டு. நாங்கள் மரத்தைக் குழியில் இறக்கி முடிக்கும்வரை குழி ஓரத்திலேயே நின்றார். அப்புறம் கேட்டார்: “இது பொழைக்குமா?”

கடல்பாசிச் சாறு இருந்த கேனைக் காட்டினேன். ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் எடுக்கிற பாசியைப் பிழிந்தது. கன்னங்கரேல் என்றிருக்கும், மீன் வாடை அடிக்கும். இது உரம் இல்லை பாய், சோறு போடாது, தூங்குகிறவனைத் தட்டி எழுப்பும், அவ்வளவுதான் என்றேன். அதிலிருக்கிற சரக்கில் சிலது வேர் விடச் சொல்லும், சிலது துளிர் விடச் சொல்லும். மரம் தண்டில் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கும். வெட்டுப்பட்ட மரத்துக்கு முதலில் வேண்டியது வேர். அதனால் ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி, வாரம் ஒரு தடவை, மண்ணில் மட்டும். அளவு மீறினால் வேர் அடங்கிவிடும், துளிர் முந்திக்கொள்ளும். வேரில்லாத மரத்துக்குத் துளிர்தான் எமன்.

“மரம் நின்னுச்சுன்னா மிஷின இங்கயே போட்டுக்குவேன். மச்சான் அவன் கடைல எடம் தரேன்னான், வேணான்ட்டேன்” என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடித்து நேராக வந்து அவரே சாற்றைக் கலந்து ஊற்றுவார். மூடியில் வழிவதைக்கூட விரலால் துடைத்துக் கேனுக்குள்ளேயே விடுவார். மருந்துக் கடைக்காரர் தோற்றார்.

எங்கள் தொழிலில் மரம் பிழைத்ததா என்று அதிகாரி வந்து போட்டோ எடுப்பார். பச்சை தெரிந்தால் பிழைத்தது. மண்ணைத் தோண்டி வேரைப் பார்க்கிற வழக்கம் இல்லை. அதனால் நாங்கள் ஒரு வேலை செய்வோம். சாக்கைச் சாற்றில் ஊறவைத்துத் தண்டைச் சுற்றிக் கட்டிவிடுவோம், தண்ணீர் கலக்காமல். அதிகாரி வர இரண்டு வாரம் இருந்தது, வேம்பு மொட்டையாக நின்றது. பாய் இல்லாத நேரம் பார்த்து ஒரு முழுக் கேனைத் தண்டிலும் அடியிலும் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். அதற்கு மறுநாளும்.

பட்டையைக் கிழித்துக்கொண்டு துளிர் வந்தது. கொழுந்து செக்கச்செவேல் என்று காயத்திலிருந்து கசிகிற மாதிரி இருந்தது. பாய் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கமே இல்லாமல்.

அக்னி நட்சத்திரம் தொடங்கியது. அத்தனை இலையும் தண்ணீர் கேட்டன. கொடுக்கக் கீழே ஆளில்லை. ஒரே வாரத்தில் எல்லாம் கருகித் தொங்கின, பட்டை வெடித்தது. அதிகாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை தோண்டச் சொன்னார். கடப்பாரையால் குத்திக் குத்தி மண்ணை அள்ளினேன். அறுத்த வேர்முனைகள் கறுத்து அழுகிக் கிடந்தன. வெள்ளையாக ஒரு நூல் வேர்கூட இல்லை.

“யார் என்ன ஊத்தினீங்க?” என்றார் அதிகாரி.

பாய் பக்கத்தில் வாளியோடு நின்றார். கடப்பாரையைப் போட்டுவிட்டு அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். “ஒரு மூடி ஊத்துன்னா கேனோட ஊத்தினியா? கொன்னுட்டியே!” உதடு பல்லில் பட்டுக் கிழிந்து ரத்தம் தாடியில் இறங்கியது. இன்னொரு அறை விட்டேன். அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாய் குனிந்து அந்தக் குழியைப் பார்த்தார். “ரெண்டு வாட்டி வழிஞ்சிச்சு அண்ணாத்தே. தொடச்சேன், ஆனா வழிஞ்சிச்சு. நாந்தான் கொன்ட்டேன்” என்றார். வாளியை அங்கேயே வைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் திருப்பி ஒரு அடி அடித்திருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். இன்னும் பலமாக அடித்திருப்பேன்.