ஆறாவது கையெழுத்து

எங்கள் தெருவில் ஆறு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. எல்லாம் நூறு வயதைத் தாண்டியவை. பதினாலாம் எண்ணில் இருப்பவர் லேன்டர்ட். நெதர்லாந்தில் ஹௌடா நகராட்சியில் முப்பத்தெட்டு வருஷம் பாலம் தூக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகு வந்தால் தூக்குவார், போனதும் இறக்குவார். அத்தனை வருஷம் சைக்கிள்காரர்களைக் காக்கவைத்தே பழகியதால், தன்னை யார் அவசரப்படுத்தினாலும் அவருக்குப் பிடிக்காது. பக்கத்துப் பன்னிரண்டாம் எண் என்னுடையது. அவர் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் திட்டினால் அவருக்குக் கேட்கும்.

உண்மையை முகத்துக்கு நேரே சொல்வதுதான் அவருடைய பெரிய பெருமை. "எனக்குப் பொய் சொல்லவே வராது ரியா" என்பார். என் புருஷனை அடக்கம் செய்த அன்று வீட்டுக்கு வந்து, "காப்பி தண்ணியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பேர்ப்பட்ட உத்தமர்.

இந்த ஆறு வீடுகளும் மண்ணுக்கடியில் மரத்தூண்கள்மேல் நிற்கின்றன. தூண்கள் உளுத்துவிட்டன. அஸ்திவாரம் ஒன்று என்பதால் சரிசெய்தால் ஆறையும் சேர்த்துத்தான் சரிசெய்ய முடியும். ஒன்பது வருஷத்துக்கு முன்பே ஐந்து வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஆறாவது ஆள் லேன்டர்ட். என் வீட்டில் ஒரு கோலிக்குண்டை வாசலில் வைத்தால் அது தானே சமையலறைக்குப் போய்ச் சேரும். அவர் வீட்டில் அசையாது.

"பாத்துக்க, என் வீடு நேரா நிக்குது. உங்க வீடு சாயுறதுக்கு நான் ஏன் செலவு பண்ணணும்?"

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தரைக்கடியில் பலகை அடுக்கி அவரே மட்டம் பண்ணியது தெருவுக்கே தெரியும். அது பொய்யில் சேராதாம், தச்சு வேலையில் சேருமாம்.

அவருக்கு அந்தப் பக்கத்துப் பதினாறாம் எண்ணில் இருந்த கோஸ் போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். வாரிசுகள் ஒரு தரகர் மூலம் வீட்டை விலைக்குப் போட்டார்கள். லேன்டர்டின் ஒரே மகள் யூடித் ஸ்வொல்லா என்ற தூரத்து ஊரில் இருக்கிறாள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் வருவாள், வட்டமாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஒரு துண்டு கேக் சாப்பிடுவாள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவாள். அவளுக்கு மார்ச்சில் குழந்தை பிறக்க இருந்தது. "அப்பா, கோஸ் வீட்ட நாங்க வாங்கலாமான்னு பாக்குறோம்" என்று போனில் சொன்னாள்.

அந்த வாரமே இவர் ரம்பத்தை எடுத்துக் கொல்லைப்புற வேலியை அறுத்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு வைத்துவிட்டார்.

"ஏன் லேன்டர்ட், வீடு இன்னும் விக்கவே இல்ல. அதுக்குள்ள வேலிய அறுக்குறீங்களே?"

"கோஸுக்கு ஆட்சேபணை இருந்தா வந்து சொல்லட்டும்" என்றார். கீலுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தும் மூடியும் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

போட்டிக்கு ஆள் வந்துவிடக் கூடாதே! வீடு பார்க்க வருகிற நாளெல்லாம் அவர் துடைப்பத்தோடு நடைபாதையில் நின்றார்.

"வாங்க வாங்க. தூணெல்லாம் உளுத்துப்போச்சு. சரிபண்ணவும் முடியாது."

"ஏன் முடியாது?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேனே!"

ஒரு சொல்லும் பொய்யில்லை. வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் ஒருவரும் விலை கேட்கவில்லை. தரகருக்கு முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டது.

பிறகு யூடித் ஒரு பொறியாளரை வைத்து வீட்டைச் சோதிக்கச் சொன்னாள். அறிக்கையோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். நான் பட்டாணி சூப் கொண்டுபோயிருந்தேன், கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

"படிக்கிறேன் கேளுங்கப்பா. 'அஸ்திவாரத்தைச் சீரமைக்க வாய்ப்பில்லை. பதினாலாம் எண் உரிமையாளர் ஒத்துழைக்க மறுக்கிறார்.' யாருப்பா இது?"

லேன்டர்ட் ஜன்னலைப் பார்த்தார்.

"பேங்க்ல கடன் தர மாட்டாங்க. தந்தாலும் சாயுற வீட்ல எம் புள்ளையத் தொட்டில்ல போடணுமா?"

"எங்க சாயுது? இங்க பாரு, கோலிக்குண்டு..."

"அந்தப் பலகையெல்லாம் எடுத்துட்டு வைங்கப்பா, பாக்கலாம். சின்ன வயசுல நான்தானே உங்களுக்கு ஆணி எடுத்துக் குடுத்தேன்?"

அவர் கோலிக்குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரியா, பேனா இருக்கா?"

ஒன்பது வருஷமாக நாங்கள் ஐந்து பேர் கெஞ்சிக் கூத்தாடியும் நடக்காதது ஒரு தட்டு சூப் ஆறுவதற்குள் நடந்துவிட்டது.

அத்தோடு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் லேன்டர்ட் எதையும் சொல்லாமல் செய்கிற ஆளா? மறுநாள் நகராட்சிச் சீருடைக் கோட்டைத் தேடி மாட்டிக்கொண்டு, நேரே தரகர் அலுவலகத்துக்கு சைக்கிள் மிதித்தார். "ஆறு கையெழுத்தும் ஆச்சு. இனிமே லேன்டர்ட் தடுத்தான்னு ஒருத்தனும் பேசக் கூடாது, எழுதிக்குங்க!" தரகர் எழுதிக்கொண்டார். காப்பி கொடுத்தார். ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினார்.

சாயங்காலமே விளம்பரத்தில் ஒரு வரி கூடியிருந்தது. அஸ்திவாரம் புதிதாகப் போட ஆறு உரிமையாளர்களும் சம்மதம். சனிக்கிழமை வரிசை தெருமுனை தாண்டி நின்றது. லேன்டர்ட் பழக்கதோஷத்தில் துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"அஸ்திவாரம் சரிபண்ணப் போறாங்களாமே, உண்மையா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஆமா" என்றார். வேறென்ன சொல்வார், பொய்தான் வராதே.

திங்கட்கிழமை மதியத்துக்குள் பதினாலு பேர் விலையை எழுதி மூடிய உறையில் கொடுத்திருந்தார்கள். யூடித் ஒன்பதாவது இடம். வீடு ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஒரு தம்பதிக்குப் போயிற்று.

"பரவால்லப்பா, நாங்க இங்கயே பாத்துக்கறோம். பொறந்தநாளைக்கு வரோம்ல" என்று அவள் போனில் சொன்னாளாம். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம்கூட இல்லை. அந்த மனுஷனை நான் திட்டாத நாளில்லை. அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

மார்ச்சில் புதியவர்கள் குடிவந்தார்கள். அந்தப் பெண் பிஸ்கட் டப்பாவோடு வேலியோரம் வந்து, "நீங்க கையெழுத்துப் போட்டதாலதான் நாங்க வாங்கினோம். ரொம்ப நன்றிங்க" என்று லேன்டர்டின் கையைக் குலுக்கினாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவள் கதவைப் பார்த்தாள்.

"இந்தக் கதவு யாரு வச்சது? புதுசா இருக்கே."

லேன்டர்ட் கீலைத் தடவினார்.

"கோஸ் வச்சது. பாவம், என்ன நெனச்சு வச்சானோ."

"அப்போ அடைச்சிடலாமா?"

"தாராளமா அடைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், சுத்தியலையும் ஒரு பிடி ஆணியையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார்.