பார்லருக்கே மேக்கப் போட்ட கதை

பியூட்டி பார்லர் வைத்திருக்கிறவளுக்குப் புருவம் எடுக்கத் தெரிந்தால் பாதித் தொழில்தான் தெரியும். வாசலில் நின்று யோசிக்கிறவளை உள்ளே வரவைப்பது மீதிப் பாதி, அதை எந்த கோர்ஸிலும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கடை ஒன்றைத் திறந்துவிட்டு அதன் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என் இனத்து ஜனங்களுக்கு நான் படும் பாடு புரியும். தையல் கடையோ, ஜெராக்ஸ் கடையோ, எதுவாக இருந்தாலும் சரி. ஆள் வராத கடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதை நமக்கு ஆகாதவர்களுக்குக்கூட ஆண்டவர் கொடுக்கக் கூடாது.

என் பார்லர் செம்பூரில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. ஒரே அறை, இரண்டு நாற்காலி, நான், என்னோடு வேலை செய்யும் சவிதா. சவிதா மராத்திக்காரி. என்னைவிட மூத்தவள், ஆனாலும் என்னை 'பாபி', அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். அறை என் மாமியாருடையது. தெரு முனையில் ஒரு ஏசி சலூன் வந்ததிலிருந்து எங்கள் நாற்காலிகள் காற்று வாங்க ஆரம்பித்தன. ஒரு நாள் மாமியார் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கிறிஸ்மஸ் வரைக்கும் பாரு. அதுக்குப் பெறவும் ஈ ஓட்டிக்கிட்டுதான் இருப்பன்னா, வடாலாவுல ஒரு பையன் மொபைல் கவர் கடை போட எடம் கேக்கான், அவனுக்குக் குடுத்துருவேன்."

எனக்கும் சவிதாவுக்கும் வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் வயசும் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து போனில் 'உங்கள் பார்லரை அழகாக்குவது எப்படி' என்று வருகிற வீடியோ ஒன்றைக்கூட நான் விடவில்லை. வந்தது வினை.

கண்ணாடிக் கதவு

வீடியோவில் வந்த பெண் முதலில் சொன்னது, 'உள்ளே நடப்பது வெளியே தெரியட்டும், தெருவில் போகிறவர்களுக்கு ஆசை வரட்டும்' என்று. எங்கள் வாசலில் பச்சைத் திரை ஒன்று தொங்கும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பளிச்சென்று கண்ணாடிக் கதவு மாட்டினேன். தெருவுக்கு நன்றாகவே தெரிந்தது. காய்கறி வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, சவிதா ஒரு பெண்ணின் மேலுதட்டில் நூல் வைப்பதை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார். அதன் பிறகு ஒரு வாரம் ஒருத்திகூட உள்ளே வரவில்லை. கதவு வரைக்கும் வருவார்கள், செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிவார்கள், அப்படியே போய்விடுவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

எட்டாம் நாள் பார்வதி அக்கா வந்தார். எங்கள் வாடிக்கையாளர்களிலேயே பழையவர், பக்கத்து பில்டிங். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தவர், நாற்காலியில் உட்காராமல் அதன் பின்னால் தரையில் குந்திக்கொண்டார். மேலே உட்காருங்கள் அக்கா என்றேன். குந்திய இடத்திலிருந்தே அவர் சொன்னார்: "நான் இப்ப மார்க்கெட்ல வெங்காயம் வாங்கிக்கிட்டிருக்கேன் ஜெசி, வீட்டுல அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். எங்க மாமியா இந்த வழியா போனாகன்னா, மார்க்கெட்டுக்கு எதுக்கு நாற்காலின்னு கேப்பாகளா மாட்டாகளா?"

சினிமா நடிகைக்குப் போடுகிற லைட்டு

கதவுக்குப் பால் நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டினேன். தெரு மறைந்தது, கூடவே வெளிச்சமும் போனது. போனால் போகட்டும் என்று கண்ணாடியைச் சுற்றிப் பதினாறு வெள்ளை பல்பு போட்டேன். நடிகைகள் மேக்கப் போடும் அறையில் அப்படித்தான் இருக்குமாம். சுவிட்சைப் போட்டதும் அறை ஜெகஜோதியாக இருந்தது. என் தாடையில் மூன்று முடி இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பார்லர்காரிக்கு இது தேவையா சொல்லுங்கள்.

முதல் போணி கமலா மாமி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், மாதம் ஒருமுறை தலைக்கு டை அடிக்க வருவார். நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார். வலது கன்னத்தைத் தொட்டார், இடது கன்னத்தைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார். கடைசியில் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்: "இத்தனை வருஷமா எங்காத்துக் கண்ணாடி என்கிட்ட எவ்வளவு மரியாதையா நடந்துண்டிருக்குன்னு இப்பத்தான் தெரியறது ஜெசி. இதை அணைச்சு வை, நான் அப்பறமா வரேன்."

முன்னும் பின்னும்

சுவரில் இருந்த வெளிநாட்டுப் பெண்களின் படங்கள் வெளுத்துப்போய், எல்லோருக்கும் காமாலை வந்த மாதிரி இருந்தன. அதற்குப் பதிலாக நம் ஊர் முகத்தையே போடுவோம் என்று புஷ்பாவைக் கேட்டேன். பேங்கில் வேலை பார்க்கும் பெண், நல்ல மாதிரி, உடனே சரி என்றாள். சாயங்காலம் லோக்கல் ட்ரெயினில் நசுங்கி வந்து இறங்கியதும் ஒரு படம், ஃபேஷியல் முடிந்ததும் ஒரு படம். 'முன்', 'பின்' என்று எழுதி, பெரிசாக பிரேம் போட்டு மாட்டினேன்.

மூன்றாம் நாள் புஷ்பா வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். "ரெண்டுமே நானாத்தான் இருக்கணும்னு இல்லியே அக்கா? 'முன்'னுக்கு எங்க நாத்தனார் போட்டோ ஒண்ணு தாரேன், அம்சமா பொருந்தும்."

மனதுக்கு அமைதி தரும் நீரோசை

இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஓடுகிற தண்ணீரின் சத்தம் கேட்டால் வாடிக்கையாளரின் மனசு அடங்கும், கண் மூடி லயித்துவிடுவார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மார்க்கெட்டில் ஒரு நீரூற்று வாங்கினேன். பிளாஸ்டிக் பாறை, மூன்று தட்டு, பிளக்கைச் சொருகினால் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்குத் தண்ணீர் விழும். அந்த வீடியோ எடுத்த ஊரில் இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருமாயிருக்கும். எங்கள் லைனில் காலையில் ஒன்றரை மணி நேரம் வரும். சில நாள், சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் பத்து நிமிடம் வந்துவிட்டுப் போகும். அந்தப் பத்து நிமிடத்துக்காக எங்கள் தெருப் பெண்கள் தூக்கத்தில்கூட ஒரு காதைத் திறந்துதான் வைத்திருப்பார்கள்.

அன்று அதிசயமாக மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி முகத்தில் பச்சை பேக், ஒருத்தி தலையில் மருதாணி, பார்வதி அக்காவுக்கு ஒரு பக்கப் புருவம் முடிந்து மறுபக்கத்தில் நூலை வைத்திருந்தேன். சவிதா பிளக்கைச் சொருகினாள். சலசலவென்று சத்தம். மூடியிருந்த பார்வதி அக்காவின் கண் திறந்தது. "தண்ணி வந்துட்டு" என்றார், அவ்வளவுதான். நாற்காலியில் ஆள் இல்லை. பச்சை முகமும் மருதாணித் தலையும் அவர் பின்னால் ஓடின. அவர்கள் ஓடுவதைப் பார்த்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். தெரு முழுக்க வாளிச் சத்தம். சவிதாவும் ஓடினாள். கொஞ்ச நேரம் பல்லில் நூலோடு நின்றேன், பிறகு நானும் ஓடினேன். பிளக்கைச் சொருகச் சொன்னதே நான்தான் என்பது வீட்டுக் குழாயைத் திறந்து, அது ஹூம் என்று காற்றை விட்ட பிறகுதான் உறைத்தது.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பச்சை பேக் காய்ந்து வெடித்திருந்தது. பார்வதி அக்கா ஒற்றைப் புருவத்தோடு அந்தப் பிளாஸ்டிக் பாறைக்கு முன்னால் வந்து நின்றார்: "என்னைத் திட்டு ஜெசி, பொறுத்துக்கிடுதேன். ஆனா வராத தண்ணிய வந்த மாதிரி காட்டுதது பாவம், பந்தியில இலையப் போட்டுட்டு எடுக்கதுக்குச் சமானம்."

முலுண்ட் சோபா

நவம்பர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு முலுண்டில் ஆபீஸ். அங்கே பழைய சாமான்களைக் கழித்தார்களாம், ஒரு பழுப்பு ரெக்ஸின் சோபாவை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். காத்திருக்கிறவர்கள் உட்கார நல்ல இடம் வேண்டும் என்று நான்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த சோபாவில் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லவே இல்லை. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். முதலில் உட்கார்ந்த சவிதாவை நான் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினேன். வீட்டுக்காரரை அன்று நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பார்வதி அக்கா ஒரு பை பட்டாணியோடு வந்து அதில் அமிழ்ந்தார். வீட்டில் உட்கார்ந்து உரித்தால் நடுவில் நாலு வேலை சொல்வார்களாம், இங்கே எழுந்திருக்க முடியவில்லை என்று நிஜமாகவே சொல்லலாமாம். அடுத்த நாள் கமலா மாமி பேப்பரோடு வந்தார். பல்பை அணைத்துவிட்டேனா என்று பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். பிறகு தினமும் நாலு பேர். ஒருத்தியும் புருவம் எடுக்கவில்லை, ஒருத்தியும் முடி வெட்டவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல். 'வாடிக்கையாளர்கள் மட்டும் அமரவும்' என்று எழுதி ஒட்டினேன். பார்வதி அக்கா இந்தி மீடியம், தமிழ் படிக்க வராது. மாமிக்குப் படிக்க வரும், ஆனால் அது மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டார்.

இந்த ரகளைக்கு நடுவில்தான் ஒன்றைக் கவனித்தேன். புதுப் பெண்கள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். காலி நாற்காலியைப் பார்த்தால் திரும்பிப் போகிறவர்கள், சோபா நிறையப் பெண்களைப் பார்த்ததும் "ரொம்ப நேரம் ஆகுமா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒரு கல்யாணப் பெண் வாசலிலேயே நின்று, இங்கே நன்றாகச் செய்வீர்களா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், ஒரு மாதமாகப் புருவத்தைக் காட்டாத பார்வதி அக்கா சோபாவின் ஆழத்திலிருந்து பதில் சொன்னார்: "நல்லா செய்யலன்னா இத்தன பேரு எதுக்கும்மா வேலைய விட்டுட்டு இங்க கெடக்கோம்?"

அளக்க வந்தவர்

ஆள் வர ஆரம்பித்தது உண்மை, ஆனால் மாமியார் கணக்கில் அது எடுபடுமா என்று தெரியவில்லை. டிசம்பரில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வெள்ளைச் சேலையோடு நேராகக் கடைக்கு வந்தார். மொபைல் கவர்காரர் பதினோரு மணிக்கு அளவெடுக்க வருகிறார் என்றார். சவிதாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கமலா மாமி நகர்ந்து இடம் விட்டு, "வாங்கோ, இப்படி உக்காருங்கோ" என்றார். மாமியார் உட்கார்ந்தார், அமிழ்ந்தார். ஞாயிற்றுக்கிழமை, ஹார்பர் ரயில் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவிடுவார்கள். வடாலாவிலிருந்து வர வேண்டியவர் ஒரு மணி வரை வரவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் பார்வதி அக்கா ஒரு பிடி பட்டாணியை மாமியார் மடியில் போட்டார். மாமனார் காலமான பிறகு வீட்டில் 'கேஸை அணைச்சியா', 'லைட்டை அணைச்சியா' தவிர என்னோடு எதுவும் பேசாதவர், இங்கே பேசிக்கொண்டே இருந்தார். கல்யாணமான புதுசில் லோக்கலில் தான் ஜென்ட்ஸ் பெட்டியிலும் மாமனார் லேடீஸ் பெட்டியிலும் ஏறிவிட்ட கதையைச் சொல்லிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு பெண்ணின் புருவத்தில் வைத்த நூலை எடுத்துவிட்டு அவரையே பார்த்தேன். வீட்டில் ஒரு நாளாவது அவர் பக்கத்தில் இப்படி உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்று இருந்தது.

கவர்காரர் வந்தார். சாதுவான பையன், வியர்த்து விறுவிறுத்து வந்தார். வாசலை அளந்தார், இடது சுவரை அளந்தார். சோபாவை வெளியே போட்டுவிட்டால் அங்கே ஷோகேஸ் வைக்கலாம் என்றார். பிறகு மாமியாரிடம், "அம்மா, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா பின்னால அளந்துருவேன்" என்றார். மாமியார் மடியில் இருக்கிற பட்டாணியைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்திருக்க முடியவில்லையா, மனசில்லையா என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்டதில்லை. அடுத்த பட்டாணியை உரித்துக்கொண்டே சொன்னார்: "வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிச்சிட்டுப் போ தம்பி. கடைக்கு வேற எடம் பாத்துக்கோ, இங்க ஆளு இருக்கு."

ஆக, கடையை அழகுபடுத்த நான் செய்த ஐந்து காரியங்களில் முதல் நாலும் வாடிக்கையாளர்களை விரட்டின, ஐந்தாவது என் மாமியாரை நிரந்தரமாகக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது, இப்போது அவர் தினமும் காலை பத்து மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நிற்கிறார்.