சாய்ந்த பாரம்

வாதத்தில் கொத்தனாரின் வலது பக்கம் விழுந்து ஏழு மாதமாகியிருந்தது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஊட்டிவிடும் மனைவியிடம், "சுவத்துக்குப் பூசற மாதிரி அப்பாதே, என் வாயி சின்னது" என்பார். அவள் சிரிப்பாள். அவள் அந்தப் பக்கம் போனதும் அழுவார். இருபத்தெட்டு வருஷம் பூச்சுக் கரண்டி பிடித்த கை, சட்டைப் பொத்தானுக்குக்கூட உதவாமல் மடியில் கிடந்தது.

ஊருக்கு வெளியே ஒரு லாயத்தில் இப்படிப்பட்டவர்களைக் குதிரைமேல் உட்காரவைத்து நடத்துகிறார்கள் என்று யாரோ சொல்ல, மனைவி அவரைக் குண்டுக்கட்டாக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனாள். குதிரை நடந்தால் நம் இடுப்பும் கூடவே அசையும், நடையை மறந்த உடம்புக்கு அது ஞாபகப்படுத்தும் என்றாள் லாயத்துப் பெண். கொத்தனாருக்கு வாய்த்தது வயதான பெண்குதிரை. அதைக் 'கிழவி' என்றே கூப்பிட்டார். முதல் நாள் அதன் கழுத்துச் சூடு இடது உள்ளங்கையில் பட்டபோது, அத்தனை மாதத்தில் முதல்முறையாக அவருக்கு உயிரோடு இருக்கத் தோன்றியது.

லாயத்துப் பெண் ஒன்றில் மட்டும் கறாராக இருந்தாள். "இருபது நிமிஷந்தாண்ணே. சோர்வா இருந்தா உடனே சொல்லிடணும். நீங்க ஒரு பக்கமா சாஞ்சா குதிரை முதுகுக்கு ஆகாது."

அவர் சொல்லவேயில்லை. கை திரும்ப வேண்டும், கரண்டி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். "இன்னும் ஒரே ஒரு சுத்தும்மா. கல்லு மாதிரி இருக்கேன்" என்று கெஞ்சுவார். இடுப்பு வலதுபுறம் சரிவது அவருக்கே தெரியும். தொளதொள சட்டைக்குள் அதை மறைத்து, தலையை மட்டும் நிமிர்த்திக்கொள்வார். கயிற்றைப் பிடித்து முன்னால் நடப்பவள் திரும்பிப் பார்த்தால் நிமிர்ந்த தலைதான் தெரியும். கோணல் சுவரை மேல்பூச்சில் ஒப்பேற்றுகிறவனை வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த மனிதர் இவர்.

குதிரையேறத் தொடங்கிய ஐந்தாவது மாதம் கை மூடித் திறந்தது. ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நடந்தார். மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனாள்.

அந்த வாரம் லாயத்துக்குப் போனபோது கிழவிக்குச் சேணம் போட்டிருக்கவில்லை.

"இனிமே அதுமேல யாரும் ஏற முடியாதுண்ணே. முதுகு போச்சு. வலது பக்கம் மட்டும் சதை இறுகிக் கெடக்கு. எப்படின்னே புரியல, நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள் லாயத்துப் பெண். அவள் கண் கலங்கியிருந்தது.

'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வேறு குதிரை தரமாட்டார்களே என்று பாழாய்ப்போன மனசு தடுத்தது.

ஒன்றும் அறியாத மனைவி, "என்னங்க, அந்தக் கையாலயே தடவிக்குடுங்க. அது குடுத்த கைதானே" என்றாள்.

வலது கையைத் தூக்கினார். விரல்கள் நன்றாகவே விரிந்தன. முதுகில் பட்டதும் கிழவியின் தோல் வெடவெடவென்று நடுங்கியது. ஆனாலும் அது விலகவில்லை. அவர் ஏறப்போகிறார் என்று நினைத்து, நாலு காலையும் ஊன்றி, அசையாமல் நின்றது.