வெள்ளைச் சட்டை, நிழலில் முகம்

செவ்வாய்க்கிழமை காலையில் நாயகத்தின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா போயிட்டாரு மாமா" என்றாள். பிறகு, "பேப்பர்ல போடுவீங்கதானே? நல்ல படமா போடச் சொல்லுங்க" என்றாள். சிரம்பானில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியநாயகம் எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரர். எழுபதுகளில் ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது அவரோடு முதன்முதலாகப் போனேன். தோட்ட நிர்வாகியான துரை வெள்ளை உடையில் வெயிலில் நின்றார். தொழிலாளர்கள் பால்மர நிழலில். நாயகம் நிழலுக்குள் போய், வெளிச்சம் அளக்கும் கருவியைத் தன் புறங்கைமேல் வைத்துப் பார்த்தார்.

"தொரை அங்கல்ல நிக்கிறாரு" என்றேன்.

"தொரை சட்டைக்கு அளந்தா தொரை நல்லா விழுவாரு, நிருபரே. நம்ம ஆளுங்க வெறும் பல்லாத்தான் தெரிவாங்க."

இருட்டறையிலிருந்து அவர் கொண்டுவந்த பிரதியில் துரையின் சட்டைப் பொத்தான்களும் இருந்தன, நிழலில் நின்றவர்களின் கண்களும் இருந்தன. எங்கள் பழைய அச்சு இயந்திரம் அதில் பாதியைத் தின்றுவிட்டது. நாயகம் இயந்திரத்தைத் திட்டினார். இருபது வருடங்களுக்கு மேல் திட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் டிஜிட்டல் கேமரா விற்க ஒருவர் வந்தார். அதை வாங்கினால் இருட்டறை தேவையில்லை, நாயகமும் தேவையில்லை. ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் ஆசிரியர். புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனோம். நாயகமே வெள்ளைச் சட்டையோடு நிழலில் நின்றார். தன் கேமராவை என் கையில் கொடுத்து, "அளந்து வச்சிட்டேன். ஆடாம அமுக்குங்க, அது போதும்" என்றார். பக்கத்தில் நின்று விற்பனையாளரும் எடுத்தார்.

அலுவலகத்தில் என் ஃபிலிமைக் கழுவி, ஸ்கேன் செய்து, இரண்டையும் திரையில் அருகருகே வைத்தார்கள். டிஜிட்டலில் சட்டை வெற்றுக் காகிதம்போல வெளுத்திருந்தது, முகம் கரி. விற்பனையாளர் முகத்தை வெளிச்சமாக்கினார். முகத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் வந்தன, கண்கள் வரவில்லை. ஃபிலிமில் சட்டையின் மடிப்பு தெரிந்தது, கண்ணும் தெரிந்தது. நாயகம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆசிரியர் இரண்டையும் எங்கள் பழைய அச்சு இயந்திரத்தில் அடித்துக் கொண்டுவரச் சொன்னார்.

"எது எதுன்னு சொல்லுங்கலா, நாயகம்."

நாயகம் தாளை ஜன்னலருகே கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியல" என்றார்.

"அப்புறம் என்ன? கோலா கிளாவாங்லருந்து நீங்க வந்து கழுவுறதுக்குள்ள பக்கம் மூடிடும். இது போன் வயர்லயே வந்துடும்."

"கண்ணாடி அழுக்குன்னா கண்ணைத் தோண்டிப் போட்டுருவீங்களா?"

இருட்டறை சாமான் அறையானது. நாயகம் கல்யாணப் படம் எடுக்கப் போனார். அதுவும் அவருக்குச் சரிப்படவில்லை.

இந்தச் செவ்வாயன்று, அன்று நான் நாயகத்தை எடுத்த படத்தின் பிரதியைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தேன். பக்கம் கட்டும் தம்பி அதைத் தொடவே இல்லை. "ஸ்கேன் பண்ண டைம் இல்ல அண்ணே. கம்ப்யூட்டர்ல அவரு படம் ஒண்ணு இருக்குலா."

இருந்தது, விற்பனையாளர் அன்று எடுத்த அந்தப் படம். புது அச்சு இயந்திரமும் போன வருடமே வந்துவிட்டது. நாயகம் ஆயுசெல்லாம் கேட்ட இயந்திரம். இப்போது எல்லாம் துல்லியமாக விழுகிறது. வெளுத்த சட்டையும், கண்ணில்லாத முகமும் மிகத் துல்லியமாக விழுந்திருந்தன.

"அப்பா மூஞ்சி எங்க மாமா?" என்று கேட்டாள் மகள்.

பிரதியை அவளிடம் கொடுத்துவிட்டேன். மாலை போட்டு வைத்திருக்கிறாள். என்னிடம் இருப்பது நெகட்டிவ். அதில் சட்டை கறுப்பு, முகம் வெள்ளை. வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டு கண்களும் இருக்கின்றன.