சும்மா வந்தவள்

நீதிமன்றத்தில் அவளுக்கு டைப்பிஸ்ட் அம்மா என்று பெயர். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில், ஒரு கால் ஆடும் மேஜை முன் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கும் மேலாக அவள் செய்த வேலை ஒன்றுதான்: மனுஷர் வாயிலிருந்து வருவதை நீதிமன்றத் தமிழாக்குவது. "அடிச்சுப் போட்டுட்டுப் போய்ட்டான் பாவி" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினால், "எதிரி என்னைத் தாக்கிவிட்டுச் சம்பவ இடத்திலிருந்து சென்றுவிட்டார்" என்று அடிப்பாள். பாவி போய் எதிரி வந்துவிடுவார், மரியாதையோடு. "சும்மா நின்னுட்டிருந்தேன்" என்றால் "யாதொரு காரணமுமின்றி நின்றிருந்தேன்." சும்மா என்ற சொல்லை அவள் விரல்கள் ஒருநாளும் அடித்ததில்லை.

அடித்து முடித்ததும் சாட்சிக்குப் படித்துக் காட்டவேண்டும். "சரிதானே?" என்று கேட்பாள். தன் பேச்சே தனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தாலும், சாட்சி தலையாட்டிவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்பார். கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தக் கேள்வி புளித்துப்போயிருந்தது.

இப்படிப்பட்டவள் கதை எழுத உட்கார்ந்தாள் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஆனால் அவள் விளையாட்டுக்கு உட்காரவில்லை. தங்கை இறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. இரத்தத்தில் வந்த நோய். ஆளைச் சீக்கிரமே கொண்டுபோய்விட்டது. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சின்னவளின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். முகம் வந்தது. குரல் வரவில்லை. குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தாள், அப்போதும் வரவில்லை. எழுதிப் பிடித்துவைக்காவிட்டால் தங்கை இன்னொரு முறையும் போய்விடுவாள் என்று தோன்றிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தாள். "மேற்படி தங்கை பகல் சுமார் பதினொரு மணியளவில் எங்கள் வீட்டிற்கு வந்தார்" என்று வந்து விழுந்தது. தலையில் அடித்துக்கொண்டு கிழித்துப் போட்டாள்.

அடுத்ததாக வாரப் பத்திரிகைகளில் படித்த அழகையெல்லாம் வாரிக் கொட்டினாள். தங்கை பூவாய் மலர்ந்தாள், தென்றலாய் நடந்தாள். உண்மையில் சின்னவள் நடந்தால் மாடிப்படி அதிரும். அத்தனை பூவுக்கு நடுவிலும் பழைய புத்தி ஓரிடத்தில் எட்டிப்பார்த்தது: கடைசியாக வீட்டுக்கு வந்த அன்று தங்கை "யாதொரு காரணமுமின்றி வந்தாள்."

அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சின்னவள் போனதிலிருந்து அவளைப் பற்றி வாயே திறக்காதவன். நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே கடைசிவரை கேட்டான்.

"சரிதானே?" என்றாள், பழக்க தோஷத்தில்.

"நல்ல பொண்ணுதான். யாரு இவ?"

"என்னண்ணா, நம்ம சின்னவ."

"சின்னவளா? போம்மா. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப நீயே சொல்லு. கடைசியா வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"நீதான் எழுதியிருக்கியே. காரணமில்லாம வந்தாள்னு."

"எதுக்கு வந்தேன்னு கேட்டோம். அவ ஒரு காரணமும் சொல்லலையே."

"சொன்னாளே, சும்மா வந்தேன்னு." அண்ணன் எழுந்து கை கழுவப் போனான். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அவன் குரல் உடைந்து வந்தது. "சும்மா வர்றதும் காரணமில்லாம வர்றதும் ஒண்ணா?"

சின்னவளுக்கு எல்லாமே சும்மாதான். ஏண்டி அழுறே என்றால் சும்மா. வேலை போனதை மறைத்து வீட்டில் கிடந்தபோது, சும்மா லீவு போட்டிருக்கேன். அவள் சும்மா என்றால் உள்ளே பெரிதாக ஒன்று இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் விஷயத்தைச் சொல்லி அனுப்பியதும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இவர்களிடம் வந்திருக்கிறாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு தடவை டீ வாங்கிக் குடித்து, அண்ணனின் வழுக்கையைக் கிண்டலடித்து, சாயங்காலம் வரைக்கும் இருந்துவிட்டுப் போனாள். எங்கிருந்து வந்தாள் என்பது இவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் நீதிமன்றத்தில் ஒரு சாட்சி, "சும்மா பாத்துட்டு வரலாம்னு போனேங்க" என்றார். அவள் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு "யாதொரு காரணமுமின்றி" என்றே அடித்தாள். சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு அவர்கள் தமிழ்.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் தன் தமிழில் எழுதினாள். "எதுக்குடி வந்தே என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். பை மடியிலேயே இருந்தது." அதற்கு மேல் எழுத முடியவில்லை. காதுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கரகரப்பாக, சின்னவள் சும்மாதான் என்றாள். இவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

கதை முடிய மாசக்கணக்கானது. ஓரிரு இடத்தில் தடுக்கத்தான் செய்தது. நடுவில் அண்ணனின் வழுக்கை தேவைக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் படி அதிர்ந்தது, டீ இரண்டாம் தடவையும் வந்தது, பூ ஒன்றுகூட இல்லை.

திரும்பவும் அண்ணன் முன்னால் உட்கார்ந்து படித்தாள். வழுக்கை வந்த இடத்தில் சிரித்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவன் திரும்பவே இல்லை. படித்து முடித்த பிறகு, சரிதானே என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தாள்களை அடுக்கினாள், அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவளிடம் நீட்டினான்.

"பேனா குடு," என்றான். "எங்க கையெழுத்துப் போடணும்?"