வானத்தில் ஒட்டிய முடி

முதல் முடியை வானத்தின் இடது மூலையில் கண்டேன். வெள்ளவத்தைக் கடலையும் அதன் ஓரத்துத் தண்டவாளத்தையும் அக்ரிலிக்கில் வரைந்துகொண்டிருந்தேன். ஐம்பத்தாறு வயதில், ஓய்வு பெற்ற கையோடு தூரிகை பிடித்தவள் நான். சீனி வருத்தம் (நீரிழிவு) அதற்குப் பல வருடம் முன்பே வந்துவிட்டது. இந்த இரண்டும் ஒன்றாக வாய்த்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்தும் மெரில் டீச்சர் என்னைவிட இருபது வயது இளையவர். முதல் நாளே எச்சரித்துவிட்டார்.

"அக்ரிலிக் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது அக்கா. பத்து நிமிஷத்துல காஞ்சிரும். மலிவு பிரஷ்ல முடி உதிரும். ஒட்டினா ஈரத்துலயே எடுத்துருங்க. காஞ்சா படத்தோடயே போயிரும்."

நல்ல மாணவியாக எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன். சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈர டிசுவை விரித்து, அதன்மேல் கேக் செய்யும் எண்ணெய்த்தாளைப் போட்டு, வண்ணம் காயாமல் வைத்தேன். இருண்ட நிறங்களை முதலிலும் வெளிச்சத்தைக் கடைசியிலும் பூசினேன். காய்ந்தால் நிறம் கொஞ்சம் கறுக்கும் என்பதால், தேவையானதைவிட ஒரு துளி வெள்ளை கூடுதலாகக் கலந்தேன். முடி கண்டால் எடுப்பதற்குச் சாமணம் ஒன்றும் பக்கத்தில் இருந்தது.

அன்று அந்த முடியைச் சாமணத்தால் பிடிக்கப் பார்த்தேன். அகப்படவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று தெரிந்தது. அதையும் கிள்ளினேன். ஈர வண்ணம் உரிந்து கன்வஸ் துணி தெரிந்ததுதான் மிச்சம். மேலே வெள்ளை பூசினேன், மறுபடி முடி, மறுபடி சாமணம். இரண்டு வாரத்தில் என் வானம் பொருக்குத் தட்டிவிட்டது.

காலி வீதியில் தூரிகை வாங்கிய கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கடைக்காரர் தூரிகையை விரலால் நீவிக் காட்டி, "மேக்க ஹொந்த பிரஷ் எக்கக் நோனா" (இது நல்ல பிரஷ், அம்மா) என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். ஒரு முடிகூட உதிரவில்லை. அந்த மனிதர் சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும். விலை கூடிய இரண்டு தூரிகைகளோடு, வென்றுவிட்ட நினைப்பில் வீட்டுக்கு வந்தேன்.

இன்னும் சில நாளில் வெள்ளைச் சுவரிலும் அசைவு தெரிந்தது. என் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது."

"காலைமை சாப்பிடாமல் உந்தப் படத்துக்கு முன்னால நிண்டா பூச்சி பறக்காமல் என்ன செய்யும்? சீனி இறங்கீட்டுது போல. இந்தாரும், இதைக் குடியும்."

நம் பேச்சில் பூச்சி பறப்பது பசிக்கும் களைப்புக்கும்தானே. நான் உண்மையிலேயே பூச்சியைத்தான் சொன்னேன். அவர் பசியைக் கேட்டார். இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்டீயை அவர் கையால் வாங்கிக் குடித்தேன். அதன்பின் பூச்சி பறந்த நாளெல்லாம் அவர் கேட்காமலே போட்டுத் தந்தார். பாவம், அன்பாகத்தான் தந்தார்.

ஆறாவது வாரம், ஒரு காலையில் வலது கண்ணுக்குள் ஏதோ கரைந்து இறங்கியது. கறுப்புத் தூரிகையைத் தண்ணீர்ப் போத்தலில் முக்கினால் எப்படிப் பரவுமோ, அப்படி. ஒரு மணி நேரத்தில் அந்தக் கண்ணுக்குக் கடலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. வலி துளியும் இருக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயம்.

கண் வைத்தியர் நடுத்தர வயதுப் பெண்மணி. நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார்.

"கறுப்பு நூல் மாதிரி ஏதும் முதலே தெரிஞ்சதா அம்மா?"

"ஓம் டொக்டர். ஆறு கிழமையா."

"அப்பவே ஏன் வரேல்லை?"

"பிரஷ் முடி எண்டு நினைச்சனான்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நீரிழிவு விழித்திரை நோய் என்று சொன்னார். விழித்திரையில் (கண்ணின் பின்சுவரில் காட்சி பதியும் மெல்லிய தாள்) பழுதான இரத்தக்குழாய்கள் கசியும். நான் சாமணத்தால் தேடியது அந்தக் கசிவின் நூல்களை. இப்போது ஒரு குழாய் வெடித்து, தழும்பு இழுத்து, விழித்திரை கழன்றுவிட்டது. முதலே வந்திருந்தால் லேசரோடு முடிந்திருக்கக்கூடும் என்றார். இடது கண்ணிலும் அதே குழாய்கள் இருக்கின்றன என்றும் சொன்னார். அறைக்கு வெளியே நடையிலிருந்த வாங்கில் (பெஞ்சில்) என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவரிடம் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தேநீருக்காக அவர்மேல் கடும் கோபத்தில் இருந்தேன். கடைக்காரரோடு நான் போட்ட சண்டை வசதியாக மறந்துபோயிருந்தது.

சத்திரசிகிச்சையில் கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்து, விழித்திரையை அழுத்திப் பிடிக்க ஒருவகை எண்ணெய் நிரப்பினார்கள். பிறகு இரண்டு வாரம் முகங்குப்புறக் கிடக்க வேண்டும். நெற்றிக்கு ஒரு தலையணை, பார்ப்பதற்குத் தரையின் சீமெந்து. என் கணவர் தரையில் உட்கார்ந்து, கீழிருந்து கரண்டியால் சோறு ஊட்டினார். நான் மனதுக்குள் படம் வரைந்தேன். ஒரு பூச்சு, பத்து நிமிடம், அடுத்த பூச்சு. வானம் முடிய ஒரு பகல் போதவில்லை. ஒரு நாள் அவருடைய தேநீர்க் கோப்பையும் என் மூக்குக்குக் கீழே தரையில் இருந்தது. விரல் நுனியைத் தோய்த்து நக்கினேன், இனிப்பே இல்லை. சீனி வருத்தமே இல்லாத அந்த மனிதர் சீனியை நிறுத்தியிருந்தார். அன்றுதான் கோபம் விட்டது.

வலது கண் திரும்பவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் அதற்குத் தெரியும். இடது கண்ணுக்கு லேசர் செய்தார்கள்; ஓரப் பார்வை குறைந்தது, நடு மிஞ்சியது. ஒவ்வொரு காலையும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கண்ணை அசைக்க வேண்டும். நூல் கண்ணோடு சேர்ந்து ஓடினால் அது கண்ணுக்குள் இருக்கிறது, உடனே ஓடி வாங்கோ என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். சீனி வருத்தம் உள்ளவர்கள் நன்றாகப் பார்வை தெரியும்போதே வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள். எனக்கு அதை எத்தனையோ பேர் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் வரைகிறேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. தூரிகை கன்வஸைத் தொட்டுவிட்டது என்று நினைப்பேன், அது காற்றில் நிற்கும். இடது சுண்டுவிரலை முதலில் ஊன்றி, அதன் பக்கத்தில் தூரிகையை இறக்கப் பழகிக்கொண்டேன்.

போன வாரம் வானத்துக்கு வெள்ளை பூசினேன். நடுவில் ஒரு கறுப்பு முடி.

சுவரைப் பார்க்க வேண்டும், கண்ணை அசைக்க வேண்டும். எல்லாம் தெரியும். முடியவில்லை. அசைத்தால் அதுவும் அசைந்துவிடுமோ என்று, கண்ணை இமைக்காமல் நின்றேன். கணவர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன, திரும்பவும் பூச்சியோ?"

விரலை நீட்டினேன். முதல்முறை பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது முறை நுனியில் தட்டுப்பட்டது, மெல்லிசாக, சொரசொரவென்று.

"இல்லை. முடிதான்," என்றேன்.

அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சாமணத்தை எடுத்துக் கிள்ளிப் பார்த்தேன். அதற்குள் வண்ணம் காய்ந்துவிட்டது.